மூச்சை விடாதே என்று சொன்னவன் எழுதுகிறேன்

வாலாஜாபாத்தில் உன் சித்தப்பா மகளின் கல்யாண விருந்தில் நீ சொன்னதை நான் கேட்டேன். கேட்டிருக்க மாட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். அடுத்த மேஜையில் உனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சத்தத்திலேயே வாழ்ந்தவனுக்குக் காது மந்தம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்கள். பல நேரம் அது எனக்கும் வசதியாக இருப்பதால் நான் மறுத்ததில்லை. ஆனால் அன்று ஒரு எழுத்து விடாமல் கேட்டேன்.

"எங்கப்பா நீச்சல் சொல்லிக் குடுத்த கதைய கேளுங்கப்பா. மூச்ச உடாத, மூச்ச உடாதன்னு சொல்லிச் சொல்லியே என் நொரையீரல்ல ஓட்ட போட்டுட்டாரு" என்றாய். புது மாப்பிள்ளையின் தம்பி உடனே, "அப்போ பஞ்சர் ஒட்டினது யாரு, அவரேவா? மெக்கானிக்குதானே?" என்றான். மேஜை குலுங்கச் சிரித்தீர்கள். பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நீ பக்கத்தில் இருந்தவனிடம் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னாய். "அடுத்த மாசம் மறுபடியும் கெளம்புறேன் மச்சி. இந்தத் தடவ வேற நாடு, வேற தீவு. நான் ஆஸ்பத்திரில கெடந்தது அங்க எவனுக்கும் தெரியாது. நானும் சொல்லமாட்டேன்." முதலில் சொன்னது என்னை அவமானப்படுத்தியது. இரண்டாவதைக் கேட்டதும் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

ஒரே வீட்டில் நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன். உன் தட்டை உன் அம்மா மேலே எடுத்துக்கொண்டு வருகிறாள். நான் செல்பேசியில் பேசி அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்றையும் நீ திறந்து கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ பலர் முன்னால் சொன்னாய், நானும் பலர் படிக்கும்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு நீ மனம் மாறுவாய் என்று எதிர்பார்த்து எழுதவில்லை. எதிர்பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். சொல்லாமல் விட்டான் என்று பிறகு யாரும் பேசக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கம்பியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துப் பார்த்து, இருந்தபடியே திரும்பச் சுற்றித்தான் மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலைக் கற்றேன். நீச்சலையும் அப்படித்தான் கற்றேன். முசரவாக்கத்தைச் சுற்றியிருந்த நிலத்துக் கிணறுகளில் உன் தாத்தா கை நனைத்ததில்லை. நனைக்க விடமாட்டார்கள். மேலே நின்று கையை ஏந்தினால் ஊற்றுவார்கள். பிறகு அந்தக் கிணறுகளுக்கெல்லாம் மோட்டார் வந்தது. மோட்டார் வந்தால் ஃபுட் வால்வு வரும். குழாயின் அடி நுனியில், தண்ணீருக்குள்ளே மாட்டியிருக்கும் அந்த வால்வில் சேறு அடைத்துக்கொண்டால் மோட்டார் வெறுமனே உறுமும், தண்ணீர் ஏறாது. உள்ளே மூழ்கிப்போய்க் கழற்ற ஆள் வேண்டும். அப்போது என்னைத்தான் தேடி வந்தார்கள். அப்பன் கை படக்கூடாத தண்ணீருக்குள் மகன் தலைகீழாக இறங்கி, அடிவரை போய், ஸ்பானரால் மறையைக் கழற்றி வால்வை எடுத்துக்கொண்டு வந்தான். நீ தண்ணீரை விளையாட்டு என்கிறாய். எனக்கு அது விளையாட்டாக இருந்ததே இல்லை.

அந்தக் கிணறுகளில் ஒன்றில்தான் உனக்கு நீச்சல் பழக்கினேன். இடுப்பில் கயிறு, முதுகில் காலியான எண்ணெய் கேன். கயிற்றின் மறுமுனை மேலே காசிம் பாய் கையில். பாயை உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே தூக்க வேண்டுமென்றால் நான் கூப்பிடுவது அவரைத்தான். எனக்கு இருக்கிற ஒரே நண்பர். கேனை அவிழ்த்த அன்று நீ படிக்கட்டை விட்டு நகரமாட்டேன் என்று அழுதாய். பாய் மேலிருந்து, "மேஸ்திரி, புள்ள அழுவுறான்பா, உட்டுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நான் விடவில்லை. "வாய மூடு. மூக்கப் புடி. இன்னா ஆனாலும் மூச்ச உடாத. மேல வந்துதான் உடணும்" என்று சொல்லித் தள்ளினேன். நீ போனாய், வந்தாய். வாய் மூடியே இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க நீ மூழ்கும்போதெல்லாம் நான் அதையேதான் சொன்னேன். உனக்குச் சலித்துப்போகும்வரை சொன்னேன். சலித்த பிறகும் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் பதியும்.

பதிந்ததா இல்லையா என்பது அடுத்த கோடையில் தெரிந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து வால்வைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நீ கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நான் எப்படி அடிவரை போகிறேன் என்று பார்க்க நீயாகவே மூழ்கினாய். குழாயோடு கட்டியிருந்த கயிற்றில் உன் கணுக்கால் மாட்டிக்கொண்டது. பாய்தான் கத்தினார். "மேஸ்திரி! புள்ள மேல வர்ல!" நான் குதித்தேன். அந்தக் கலங்கல் தண்ணீரில் உன் முகத்தை நான் பார்த்ததை எந்தக் காலத்திலும் மறக்கமுடியாது. கண் திறந்திருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாய் பூட்டுப் போட்டதுபோல் மூடியிருந்தது. நீ திமிறவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாய். கயிற்றை அறுத்து மேலே கொண்டுவந்து போட்டபோது, இருமி முடித்துவிட்டு நீ சொன்ன முதல் வார்த்தை, "உடலப்பா. மூச்ச உடவே இல்ல." அதில் எவ்வளவு பெருமை தெரியுமா உனக்கு? அன்று நீ வாயைத் திறந்திருந்தால் கல்யாண விருந்தில் கதை சொல்ல நீ இருந்திருக்கமாட்டாய். அந்தக் கதையை ஏன் அந்த மேஜையில் சொல்லவில்லை? அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதாலா?

நீ படித்தாய், வேலைக்குப் போனாய், வேலையை விட்டாய். ஏன் விட்டாய் என்று கேட்டேன். உன் உயரத்துக்கு ஒரு பையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு அந்தமானுக்குக் கப்பல் ஏறினாய். ஊர் பெயர் தெரியாத தீவுகளில் இறங்கி, பத்துப் பேர் படுக்கும் அறையில் படுத்து, கிடைத்த படகில் ஏறி அடுத்த தீவு என்று போய்க்கொண்டே இருந்தாய். அனுப்பிய படங்களையெல்லாம் உன் அம்மா சர்ச்சில் எல்லோருக்கும் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். பிறகு ஒரு நாள் நீயே கூப்பிட்டாய். அவ்வளவு சந்தோஷமான குரலை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

"அப்பா, ஸ்கூபா கத்துக்கறேன்பா. முதுவுல காத்து சிலிண்டரு, வாயில ரப்பரு. தண்ணிக்கடியில உக்காந்துக்கினு சாதாரணமா மூச்சு உடலாம்பா. மீனுங்கோ பக்கத்துல வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போவுது."

"எவ்ளோ ஆழம்?"

"இப்போ ரெண்டாளு மட்டம்தான். கத்துக்குடுக்கறவங்க ஒரு அக்கா, தமிழுதான். ஒண்ணு தெரியுமா? உன் ரூல அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க. மூச்ச புடிக்கவே கூடாதாம். அதான் மொத ரூலாம்."

"ஏன் புடிக்கக்கூடாது?"

"அது உனுக்குச் சொன்னா புரியாதுப்பா. உடு. கீழ இன்னா விசேஷம் தெரியுமா? யாருமே பேச முடியாது. கைய காட்டறதுதான். அவ்ளோ அமைதியா இருக்குது. லைஃப்ல மொத தடவ எனக்கு யாரும் எதுவும் சொல்லல."

அந்தக் கடைசி வரி யாருக்கு என்று எனக்குப் புரிந்தது. அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் முதலில் கேட்டதற்கு நீ பதில் சொல்லியிருக்க வேண்டும். ஏன் பிடிக்கக்கூடாது என்று ஒரு நிமிடம் விளக்கியிருந்தால், "அப்படியென்றால் ஜாக்கிரதை, உன் வாய் தானாகவே மூடிக்கொள்ளும்" என்று நான் சொல்லியிருப்பேன். அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். பதித்தவனுக்கு. உனக்குப் புரியாது என்று சொல்லி அவனை வெளியே நிறுத்திவிட்டாய்.

அடுத்த அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வந்தது. உன் அம்மா எடுத்தாள், கேட்டாள், என்னிடம் நீட்டினாள். இன்றுவரைக்கும் தெரியாத எண் வந்தால் அவள் எடுப்பதில்லை, என்னிடம்தான் நீட்டுகிறாள். நாங்கள் இருவரும் விமானம் ஏறியது அன்றுதான் முதல் தடவை. ஜன்னலுக்குக் கீழே முழுக்கக் கடல். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் உன் விலாவில் ஒரு குழாயைச் சொருகியிருந்தார்கள். அது கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த தண்ணீர்ப் புட்டிக்குள் போனது. நீ மூச்சு விடும்போதும் இருமும்போதும் அந்தத் தண்ணீருக்குள் குமிழி வந்தது. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் குமிழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை டாக்டர் சொன்னார். முகத்தில் மாட்டிய கண்ணாடியைத் தண்ணீருக்கு அடியிலேயே கழற்றித் திரும்ப மாட்டுகிற பயிற்சியாம். கழற்றினாய், மூக்கில் தண்ணீர் ஏறியது, பயந்தாய். வாய் மூடிக்கொண்டது. காலை உதைத்து மேலே பாய்ந்தாய். கற்றுக்கொடுத்த அந்தப் பெண் உன் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறாள், அவளையும் உதறிவிட்டாய். இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. அதற்குள் நுரையீரல் கிழிந்துவிட்டது.

நடைவழியில் நின்றிருந்த அந்தப் பெண்ணைப் பிடித்து நான் கத்தினேன். ஊரே திரும்பிப் பார்க்கும் குரல் என்னுடையது, உனக்குத் தெரியும். அவளுக்குப் பதிலாகக் கட்டிலிலிருந்து நீதான் பேசினாய். "அவங்கள இன்னாத்துக்குத் திட்டற? பண்ணது நீ. அங்க கீழயும் உன் கொரலுதான் கேட்டுது. மூச்ச உடாத, மூச்ச உடாதன்னு. அவ்ளோ தூரம் கடல் தாண்டி வந்தும் உன் கொரலு உடலையே என்னை. உன் கொரலு மட்டும் கேக்கலன்னா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது." அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கினாய், வேலைக்கு வந்தாய், நான் உன் நண்பர்கள் முன்னால் சொன்னதையெல்லாம் எடுத்தாய். குழாய் சொருகிய நெஞ்சோடு நிறுத்தாமல் திட்டினாய். புட்டியில் குமிழி கொதித்தது. நர்ஸ் ஓடிவந்து என்னைத்தான் வெளியே போகச் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பும்போது டாக்டர் உன்னை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னது உனக்கு நினைவிருக்கும். இனி எந்தக் காலத்திலும் காற்று சிலிண்டரோடு தண்ணீருக்கு அடியில் போகக்கூடாது. கிழிந்த இடம் மறுபடி கிழியும். இந்த முறை காற்று நெஞ்சுக்குள் நின்றது. அடுத்த முறை ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் அவரால் ஒன்றும் செய்யமுடியாது. நீ தலையை ஆட்டினாய். எதையும் கேட்காமல் இருப்பதற்காக நீ தலையை ஆட்டுவது எனக்குத் தெரியாதா?

கல்யாணத்திலிருந்து திரும்பியதும் உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் மேலே வந்து உன்னிடம் கேட்டாள். நான் மாடிப்படி கீழே நின்று கேட்டேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் பாதிதான் விழுந்தது. "இப்போ எனக்குத் தெரியும்மா. காரணம் தெரியும். இனிமே மூச்ச புடிக்கமாட்டேன். அப்பாக்கிட்ட சொல்லு, அவரு பயிற்சிய நான் மறந்துட்டேன்னு." அவள் கீழே வந்து அதை என்னிடம் சொல்லவில்லை. கொதிக்கிற குழம்பை இறக்கப் போய்விட்டாள்.

மறக்க முடியுமா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நான் எதையும் பிரித்துப் பார்த்துத்தான் நம்புவேன். காசிம் பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு முசரவாக்கத்துக்குப் போனேன். அதே கிணறு. தண்ணீர் இருக்கிறது. பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் அடிவரை போவேன், மேலே வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே வருவேன். நான் எதிர்பார்க்காத நேரத்தில் அவர் ஒரு கல்லைத் தண்ணீரில் போட வேண்டும். திடுக்கிடும்போது என் வாய் என்ன செய்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

"மேஸ்திரி, இந்த வயசுல உனுக்கு இது தேவையா? கல்லு தலைல உழுந்தா உன் சம்சாரத்துக்கு நான் இன்னா ஜவாப் சொல்றது?"

"தலைல போடாத பாய். பக்கத்துல போடு."

"பக்கம் எதுன்னு கல்லுக்குத் தெரியுமா?"

இறங்கினேன். கல் விழாதபோது மூச்சு சுலபமாகப் போனது, குமிழி குமிழியாக. கல் விழுந்தது. கிணற்றுக்குள் அந்தச் சத்தம் நெஞ்சில் இடித்தது. வாய் மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, அதுவாக மூடிக்கொண்டது. மறுபடி போனேன். கல் விழும் என்று தெரியும், எதற்காகப் போடுகிறார் என்றும் தெரியும், போடச் சொன்னவனே நான். இருந்தும் மூடிக்கொண்டது. இன்னொரு தடவை, பிறகு இன்னொன்று. மேலே வந்து படியைப் பிடித்துக்கொண்டு, "போ பாய். வாய் மூடிக்கினே இருக்குது" என்றேன். "மூடட்டுமே மேஸ்திரி, ஊரு கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் தெரிந்தால் போதும் என்கிறாய் நீ. கல் விழும் காரணம் எனக்கும்தான் தெரியும். பயம் வரும்போது காரணம் உதவிக்கு வருவதில்லை.

அன்று மாலை அந்தப் பெண்ணுக்கு, உனக்குக் கற்றுக்கொடுத்தவளுக்கு, போன் செய்தேன். நான் கத்தியதற்குப் பிறகும் அவள் எடுத்தாள். நீ விளக்காததை அவள் விளக்கினாள். எனக்குப் புரிந்தது. கிணற்றில் நாம் மேலே இருந்தே மூச்சைக் கொண்டுபோகிறோம். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். சிலிண்டர் காற்றைக் கீழே வைத்தே இழுக்கிறோம். கீழே நெஞ்சு நிறைய இழுத்ததை வாயை மூடிக்கொண்டு மேலே கொண்டுவந்தால் அது உப்பிக்கொண்டே போகும், போக வழியில்லாமல் கிழிக்கும். கிணற்றில் என் விதி சரி. கடலில் அவள் விதி சரி. இதில் யாரும் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

பிறகு அவள் கேட்டாள். "அங்கிள், அவன் எங்க நீச்சல் கத்துக்கிட்டான்?"

"கெணத்துல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"என்கிட்ட ஸ்விம்மிங் பூல்ல கத்துக்கிட்டேன்னு சொன்னான். எல்லாரையும் முதல்ல அதத்தான் கேப்பேன். கிணத்துல மூச்சடக்கிப் பழகினவங்களுக்கு நான் வேற மாதிரி ஆரம்பிப்பேன் அங்கிள். முழங்கால் தண்ணியிலயே பல நாள் உக்காரவைப்பேன். இங்க மீன்காரப் பசங்களுக்கும் அப்படித்தான் செய்வேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

நீச்சல் குளமா? எந்த நீச்சல் குளம்? நம் பிள்ளையார்பாளையத்தில், தறிக்குழிக்குப் பக்கத்தில் இருந்ததா? கூட இருந்த அந்தப் பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்னால் கிணறு என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. கிணறு என்றால் யாருடைய கிணறு என்று கேட்பார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள், எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டா பழகினாய் என்று சிரிப்பார்கள். அதற்குப் பயந்து நீ ஒரு குளம் கட்டினாய். அந்தத் தண்ணீரில் இறங்குவதற்கு உன் தாத்தாவுக்கு உரிமை இருந்ததில்லை. இறங்கியதற்கு நான் வெட்கப்பட்டதில்லை. உனக்கு மட்டும்தான் வெட்கம். விருந்தில் ஊர் கூட்டிச் சொன்னாயே, கேட்டுக்கொள். என் விதி உன் நெஞ்சைக் கிழிக்கவில்லை. என்னை மறைத்தாய், அதுதான் கிழித்தது. இதில் நான் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கமாட்டேன். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று என் வாயிலிருந்து வரவழைக்க உன்னால் முடியாது.

இப்போது நீ வேறு நாட்டுக்குப் போகிறாய். அங்கேயும் கேட்பார்கள். எங்கே நீச்சல் பழகினாய் என்று கேட்பார்கள், நெஞ்சில் ஏதாவது நோய் உண்டா என்று கேட்பார்கள். சட்டையைக் கழற்றினால் விலாவில் அந்தத் தழும்பு தெரியும், அதற்கும் ஒரு கதை வைத்திருப்பாய். உண்மையைச் சொன்னால் உன்னை இறக்கமாட்டார்கள். அதனால் சொல்லமாட்டாய். போகாதே என்று நான் சொல்லலாம். சொல்கிறேன். போகாதே. சொல்லிவிட்டேன், ஒன்றும் நடக்காது. உன் பை மாடியில் கட்டித் தயாராக இருப்பதை உன் அம்மா நேற்றே பார்த்துவிட்டாள். அதன் வாரைத் தடவிவிட்டுக் கீழே வந்தாள். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு நம்பிக்கையே இல்லை. என்னை யாராவது நிறுத்தியிருக்க முடியுமா?

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. போனை வைப்பதற்கு முன் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், வாய் மூடிக்கொள்கிறவனுக்கு வழியே இல்லையா என்று. "சத்தம் போட்டுக்கிட்டே மேல வரணும் அங்கிள். ஆஆன்னு. சத்தம் போடறவனால மூச்சப் பிடிக்க முடியாது" என்றாள். மறுநாள் பாயை மறுபடி இழுத்துக்கொண்டு போனேன். ஆ என்று சொல்லிப் பார்த்தேன். கல் விழுந்தது, ஆ நின்றது, வாய் மூடியது. பல தடவை. விட்டுவிடலாம் என்று கடைசியாக ஒரு தடவை இறங்கினேன். பாய்க்குக் கை ஓய்ந்துபோய்க் குறி தவறிவிட்டது. கல் வந்து என் தோளில் பட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவரை, அவர் கண்ணை, அவர் குறியை எல்லாம் திட்டிக்கொண்டே மேலே வந்தேன். தலை வெளியே வந்தபோது நெஞ்சில் காற்றே இல்லை, மொத்தமும் போயிருந்தது. பாய் படியில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நீ வர்றதுக்கு முன்னாடியே நீ திட்டறது மேல வந்துட்டுது. கொப்புளம் கொப்புளமா வந்துச்சி. எனக்குத்தான்னு புரிஞ்சிக்கினேன்."

பயம் வாயை மூடுகிறது. கோபம் திறக்கிறது. ஒரு முன்கோபக்காரனுக்கு ஒரு கிணற்றில் ஒரே தடவை நடந்தது இது. கிழிந்து ஒட்டிய நுரையீரலை இது காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னால் அவளும் நம்பமாட்டாள். டாக்டர் சிரிப்பார். தெரியாத எண்ணிலிருந்து மறுபடி போன் வரும் என்றுதான் என் மனம் சொல்கிறது. உன் அம்மா என்னிடம் நீட்டுவாள், நான் வாங்கிக் காதில் வைப்பேன். அதைத் தடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. கையில் இருப்பதைத் தருகிறேன்.

நீ புறப்படும் அன்று நான் வாசலுக்கு வரமாட்டேன். என் மோட்டார் கடையில் இருப்பேன். கீழே போனபின், மூக்கில் தண்ணீர் ஏறி, கண் இருண்டு, வாய் மூடப்போகும் நேரத்தில் என் குரல் உனக்குக் கேட்கும். கேட்காமல் இருக்காது. கேட்டதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைத் திட்டினாயே, அதே மாதிரி தொடங்கு. கிணற்றிலிருந்து தொடங்கு, எண்ணெய் கேனிலிருந்து தொடங்கு, உனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. வாயில் ரப்பர் இருந்தாலும் பரவாயில்லை, திட்டுவதற்கு நாக்கு புரண்டால் போதும். அவசரமில்லாமல், ஒன்றையும் விட்டுவிடாமல், என்னைத் திட்டிக்கொண்டே மேலே வா. தலை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது என்பதற்காக நிறுத்தவேண்டியதில்லை. கரை ஏறி, கப்பல் ஏறி, இந்த வீட்டு வாசல்வரைக்கும் திட்டிக்கொண்டே வா. நான் ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிறேன்.